அந்தக் குரலுக்கு உதடு கிடையாது

கையாலேயே என்னோடு பாதி பேச்சைப் பேசி முடித்த என் நைனாவுக்கு,

எனக்குப் பயமாக இருக்கிறது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஊர்க்கதையெல்லாம் பேசிவிட்டு, சொல்ல வந்ததைச் சொல்லாமலே காகிதத்தை மடித்து வைத்துவிடுவேன். என் சுபாவம் உனக்குத் தெரியாததா? இதை நாலு பேர் படித்தாலும் படிக்கட்டும். வீட்டு விஷயம் வெளியே போகக் கூடாது என்று இருந்துதான் உன்னைத் தொலைத்தோம்.

நீ போய் ஒன்பது வருஷம் ஆகிறது. ராயபுரத்தில் நம் வீடு அப்படியேதான் இருக்கிறது. நடுவில் சுனாமியன்று காலையில் கடல், ரோட்டைத் தாண்டி வந்துவிட்டுப் போனது. அம்மா கேஸ் சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினாள், என்னை மறந்துவிட்டாள். கேட்டால், "நீ ஓடுவே, சிலிண்டரு ஓடுமாடி?" என்கிறாள். எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகள் முன்னைவிட அதிகமாகிவிட்டன. லாரிப் பேச்சு இப்போது வேண்டாம்.

நான் டப்பிங் பேசுகிறேன் நைனா. உன் மகள் தேவகியின் குரல் கேபிள் டிவியில் வருகிறது, முகம் மட்டும் வராது. இருட்டறையில் மைக்குக்கு முன்னால் நிற்பேன். காதில் ஹெட்போன் இருக்கும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டர் உட்கார்ந்திருப்பார். அவர் கையைக் கீழே இறக்கினால் பேச வேண்டும், விரலைச் சுழற்றினால் இன்னும் வேகமாகப் பேச வேண்டும். முதல் நாள் அந்தக் கையைப் பார்த்ததும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது.

படிக்கிறவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். என் நைனா ஹார்பரில் சிக்னல்மேன். கப்பலின் அடிவயிற்றில் சரக்கு இருக்கும், மேலே சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டுகிறவருக்கு அது கண்ணில் படாது. இரண்டு பேருக்கும் நடுவே தளத்தின் விளிம்பில் நின்று, தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் காட்டுவதுதான் அவர் வேலை. அந்தச் சத்தத்தில் வாயால் கத்தினால் யாருக்கும் கேட்காது. தூக்கவும் இறக்கவும் சிக்னல்மேன் மட்டும்தான் காட்டலாம். இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து நீட்டினால் 'நிறுத்து'. அதை மட்டும் யார் வேண்டுமானாலும் காட்டலாம், மூட்டை சுமக்கிறவர் காட்டினாலும் விஞ்ச்காரர் நிறுத்தித்தான் ஆக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. இதை எனக்கு ஆறு வயதில் நீ சொல்லிக்கொடுத்தாய். தட்டில் அம்மா மூன்றாவது கரண்டி சோறு போடவரும்போது நான் இரண்டு கையையும் நீட்டுவேன். "போதும்மே, விஞ்ச நிறுத்து. புள்ள சிக்னல் குடுத்துட்சி" என்பாய்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டுத் துப்பறியும் தொடர் ஒன்றைத் தமிழில் போடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு கொலை. துப்புத் துலக்குகிறவள் போலீஸ்காரி இல்லை. மூளையைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பேராசிரியை, பெயர் டாக்டர் மார்த்தா. அவளுக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு அம்மாள் வந்து குரல் கொடுக்கிறாள். தேன் ஒழுகும் தமிழ். எனக்கு மிச்சம் மீதி: நர்ஸ், வீட்டு வேலைக்காரி, பொய்ச்சாட்சி, கொலைகாரி.

ஒருநாள் பொறுக்காமல் டைரக்டரிடம் கேட்டுவிட்டேன். "சார், அந்தக் கொலகாரி வெள்ளக்காரி. மாளிகையில பொறந்து வளர்ந்தவ. அவ எதுக்கு சார் காசிமேட்டு பாஷ பேசணும்?"

"கொலை பண்றால்ல தேவகி? அப்பதான் நம்பும்படியா இருக்கும். உனக்கு இயல்பா வருதே, பேசு."

பேசினேன். டிவியில் நம் பாஷைக்கு இரண்டே வேலை, ஒன்று சிரிக்க வைப்பது, இன்னொன்று கழுத்தை அறுப்பது. நீ அந்தப் பாஷையில்தான் என்னைத் தாலாட்டினாய் என்று சொன்னால் அவர் நம்புவாரா?

அந்த மார்த்தாவுக்கு ஒரு வியாதி உண்டு. பக்கத்தில் யாரும் இல்லாதபோது அவளுக்குக் குரல் கேட்கும். டைரக்டர் கதை சொன்ன அன்றைக்கு எனக்குக் காது சுட்டது. நல்லவேளை, அறை இருட்டாக இருந்தது.

நைனா, உனக்குக் குரல் கேட்டதை நாம் என்னவென்று நினைத்தோம்? ஹார்பர் காது! நம் தெருவில் விஞ்ச் பக்கம் வேலை பார்த்த ஆண்கள் யாருக்குத்தான் காது ஒழுங்காக இருந்தது? ஒருவருக்கு ரீங்காரம், இன்னொருவருக்கு விசில். அதனால் நீ, "எவனோ காதுல பேசிக்கினே கீறாம்மா" என்றபோது தெருவே வைத்தியம் சொன்னது. "விஞ்ச் சத்தம் உள்ள பூந்துகிச்சி நைனா. பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ண காய்ச்சி ஊத்து. பஞ்ச வச்சிக்கினா சரியாப் பூடும்." வேறு தெருவாக இருந்தால் தலையில் கோளாறு என்று ஒருவராவது சொல்லியிருப்பார். நமக்குத்தான் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு காரணம் இருந்ததே. காது என்றால் எண்ணெய், தலை என்றால் கீழ்ப்பாக்கம். எங்களுக்குக் காதாகவே இருக்கட்டும் என்று இருந்தது.

தினமும் காலையில் உன் இரண்டு காதிலும் பஞ்சு வைத்தவள் நான். அந்தக் காலையிலும் நான்தான் வைத்தேன், வழக்கத்தைவிட அழுத்தமாக. பத்து மணிக்கு நீ பேப்பர் வாங்கப் போனாய். லாரி டிரைவர் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுதுகொண்டே, "ஹாரன் அட்சிக்கினே வந்தேன் சார், திரும்பவே இல்ல சார்" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அவரைச் சபிக்கவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு பார்வையைத் திருப்பிக்கொண்டாள். அதைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை.

ரெக்கார்டிங்குக்கு வருகிறேன். மார்த்தா சமையலறையில் தனியாக நிற்கிறாள். அவள் காதில் குரல்கள். வசனத் தாளில் 'தெளிவில்லாத குரல்கள்' என்று மட்டும் போட்டிருந்தது. டைரக்டர் கண்ணாடி வழியாகச் சொன்னார்: "இதுக்கு லிப் பாக்க வேண்டாம் தேவகி. அந்தக் குரலுக்கு உதடு கிடையாது. உன் இஷ்டத்துக்குப் பேசி ரொப்பு. கேக்கறவனுக்கு உதறல் எடுக்கணும்."

அவர் கை இறங்கியது. யோசிக்கவே இல்லை நைனா, வாய் திறந்ததும் தானாக வந்தது. உனக்குக் கேட்குமே ஒரு பெண்ணின் பேச்சு, அதுதான். "நிக்கிறா பாரு. தண்ணி துறக்கறா பாரு. கைய கழுவறா பாரு. கழுவிட்டா பாரு." கோபமில்லாமல், மிரட்டாமல், காய் நறுக்கிக்கொண்டே பக்கத்து வீட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி. ஒரே டேக். டைரக்டர் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"எங்க புடிச்சம்மா இத?"

"எங்க வூட்டுல சார்" என்றேன்.

அன்று பஸ்ஸில் வரும்போதே தொடங்கிவிட்டது. கம்பியைப் பிடித்தேன். "கம்பிய புடிக்கிறா பாரு." முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு பாட்டு வாயில் ஒட்டிக்கொள்வதில்லையா, அப்படி நான் பேசியது எனக்கே ஒட்டிக்கொண்டது என்று நினைத்தேன். மறுநாள் அரிசி களையும்போது, "அரிசி களையறா பாரு". நான் நினைப்பது மாதிரி இல்லை அது. இடது காதுக்குப் பக்கத்தில், வெளியிலிருந்து வருகிறது. திரும்பிப் பார்த்தேன். "திரும்பறா பாரு" என்றது. அரிசியைப் போட்டுவிட்டு அம்மா இருந்த அறைக்கு ஓடினேன். அம்மா என்னடி என்றாள், பல்லி என்றேன்.

இப்படியே பன்னிரண்டு நாள். உனக்கு எத்தனை வருஷம் நைனா? இதோடுதான் நீ வேலைக்குப் போனாயா? இதோடுதான் எனக்குத் தலை பின்னிவிட்டாயா?

அந்தத் தொடரின்மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி மாளாது. அதில் மார்த்தாவுக்குக் கேட்கும் குரல்கள் எப்படிப்பட்டவை தெரியுமா? கொலைகாரன் இடது கைக்காரன் என்று துப்புக் கொடுக்கும். பூட்டின அலமாரியைத் திறக்கச் சொல்லும். வியாதி அவளுக்கு மூன்றாவது கண். உன் குரல்கள் என்ன துப்புக் கொடுத்தன? நான் கையைக் கழுவினால் கையைக் கழுவுகிறேன் என்கிறது என் குரல். இதை வைத்துக்கொண்டு எந்தக் கொலையைக் கண்டுபிடிப்பது? அந்தக் கதையில் குரல் கேட்கிறவர்கள் இரண்டே ஜாதி. ஒன்று மேதை, இல்லாவிட்டால் கத்தி எடுக்கிற பைத்தியம். காலையில் எழுந்து, சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஹார்பருக்குப் போய், விபத்தில்லாமல் சரக்கை இறக்கிவிட்டு, மகளுக்கு வேர்க்கடலை வாங்கி வருகிறவன் ஒருவன்கூட அதில் கிடையாது.

பதிமூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அந்தப் பகுதி மத்தியானம் டிவியில் வந்தது. நான் உள்ளே பஞ்சைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ஆமாம் நைனா, பஞ்சு. வேறு எதுவும் தோன்றவில்லை. ஒரு காதில் வைத்தாயிற்று. அப்போது டிவியில் என் குரல் வந்தது. "கைய கழுவறா பாரு."

அம்மா வாசல்படியில் வந்து நின்றாள். கையில் கரண்டி. என் காதைப் பார்த்தாள். கரண்டி கீழே விழுந்தது.

"இன்னாடி அது காதுல?"

"ஒன்னுமில்லம்மா. சளி."

"டிவில பேசறது நீதான?"

"ஆமா. கோச்சிக்காதம்மா. நைனாவுக்குக் கேட்டுச்சே, அந்தப் பொம்பள. அவ பேசறததான் பேசனேன்."

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எந்தப் பொம்பள?"

"அதாம்மா. சோறு துன்றான் பாரு, சட்ட போடறான் பாருன்னு. நைனா சொல்லுவாரே."

"நைனாவுக்கு எந்தப் பொம்பளயும் பேசலடி." அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "அவருக்குக் கேட்டது ஆம்பளக் கொரலு. செத்துப்போன பழைய மேஸ்திரி. 'கைய தூக்குடா, கைய தூக்குடா'ன்னு அது ஒன்னுதான். அவன் தூக்குன்னுவான், இவரு நிறுத்துன்னு கைய நீட்டுவாரு. இருவத்தியோரு வருஷம் பக்கத்துல படுத்தவ நான். எனக்குத் தெரியாதா? பொம்பள யாரும் இல்ல. உனக்கு யாருடி சொன்னா?"

யார் சொன்னது நைனா?

அன்றிலிருந்து இந்த ஒரு கேள்வியோடுதான் இருக்கிறேன். நீ சொன்னாய் என்று தேடிப் பார்க்கிறேன். நீ சொல்கிற முகம் ஞாபகத்தில் இல்லை. நீ தலை குனிந்து சாப்பிடுகிறாய், வாயில் சோறு இருக்கிறது, எதிரே நான் உட்கார்ந்திருக்கிறேன். "சோறு துன்றான் பாரு." உன் வாய் அப்போது பேசவில்லை. ஒன்பது வருஷமாக உன் குரல் என்று நினைத்து நான் பத்திரமாக வைத்திருந்தது உன்னுடையது இல்லையா? அது அப்போதே என்னிடம்தான் பேசிக்கொண்டிருந்ததா, உன்னைப் பற்றி? வியாதி உன் ஒருவனுடையது என்று நினைத்து, இருபது வயதில் நான் உன் காதில் பஞ்சு வைத்துக்கொண்டிருந்தேனா?

இதை எழுதும்போதும் பக்கத்திலேயே இருக்கிறது. "எழுதறா பாரு" என்கிறது.

அம்மா அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. எழுந்து வந்து, என் காதிலிருந்த பஞ்சை இரண்டு விரலால் பிடுங்கி எடுத்தாள். ஜன்னல் வழியாகத் தெருவில் எறிந்தாள். "போதும். ஒருத்தருக்கு வச்சது போதும். நாளைக்குக் காத்தால ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்றாள். தெருவில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்றேன். "கேக்கட்டும். தலைக்குன்னு சொல்லு. வாய வச்சிக்கினு சும்மா இருக்கறவளா நீ?"

போனோம். மனநலப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது தெரிந்தவர்கள் யாராவது வந்துவிடுவார்களோ என்று முந்தானையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டேன். பக்கத்தில் ஒரு வாத்தியார் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். இன்னொரு பெண் கத்திரிக்காய் விலையைப் பற்றி அம்மாவிடம் பேசினாள். மேதையும் இல்லை, கத்தியும் இல்லை. உன்னை மாதிரி ஆட்கள்தான்.

டாக்டர் என்னைவிடச் சின்னப் பெண். மார்த்தா மாதிரி மூளையைப் படம் பிடித்துச் சுவரில் மாட்டவில்லை. தூக்கம் வருகிறதா, சாப்பிடுகிறீர்களா என்று கேட்டாள். முதலில் காதைச் சோதித்துவிட்டு வரச்சொன்னாள். அந்தச் சீட்டு சனிக்கிழமைதான் கிடைத்தது. அதைப் பார்த்துவிட்டு, "உங்க காது நல்லாத்தான் இருக்கு" என்றாள். அம்மா அப்போதுதான் அழுதாள். இந்த ஒரு வார்த்தையை யாராவது உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வேறு வாசலுக்குப் போயிருப்பாய் இல்லையா?

வியாதிக்குப் பெயர் வைக்க அவசரப்பட வேண்டாம் என்றாள். ஒருவேளை இது வளரலாம், வளராமலும் போகலாம். மாத்திரை கொடுத்திருக்கிறாள். நாக்கு கொஞ்சம் தடிக்கும், பகலில் தூக்கம் வரும் என்றாள். நாக்குதான் நைனா எனக்குப் பிழைப்பு. அந்தப் பயமும் சேர்ந்துகொண்டது. இரண்டு நாளாக அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பார்க்கிறேன், பிரிக்கவில்லை. அம்மாவிடம் போட்டுவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

இதற்கு நடுவில் டைரக்டர் செல்போனில் கூப்பிட்டார். அந்தக் குரல் நன்றாக எடுபட்டுவிட்டதாம். வியாழக்கிழமை பெரிய காட்சி. மார்த்தா தன் மாத்திரைகளை எல்லாம் பாத்திரம் கழுவுகிற தொட்டியில் கொட்டிவிடுகிறாள், உடனே மூளை பளிச்சென்று வேலை செய்து கொலைகாரனைப் பிடித்துவிடுகிறாள். அவளைக் கொட்டச் சொல்வது குரல், அதாவது நான். இந்த முறை வசனமே எழுதிவிட்டார்கள். "போடாத. அத போட்டா நீ நீயா இருக்க மாட்ட."

"சார், அசல்ல அப்படியா இருக்கு?"

"அசல்ல குரல் பேசாது. நாமதான் சேக்கறோம். சூப்பரா இருக்கும்."

"சார், பாக்கறவங்க வூட்டுல யாராவது மாத்திர போட்டுக்கினு இருந்தா?"

அவர் சிரித்தார். "அவங்க ஏம்மா இதையெல்லாம் பாக்கப் போறாங்க?"

நான் போனை வைத்துவிட்டேன். அவர் கெட்டவர் இல்லை நைனா. நம் தெருவும்தான் கெட்ட தெரு இல்லை.

நீ கூடத்தில் நின்று வெறும் காற்றைப் பார்த்து இரண்டு கையையும் விரித்து நீட்டுவாயே, நாங்கள் என்ன செய்தோம்? "வேல ஞாபகம், பாவம்" என்று சொல்லிவிட்டு எங்கள் வேலையைப் பார்த்தோம். யார் காட்டினாலும் நிறுத்த வேண்டிய சைகை அது என்று சொல்லிக்கொடுத்தவனே நீதான். ஒருவர்கூட நிறுத்தவில்லை. நான் நிறுத்தவில்லை. என்னை மன்னிப்பாயா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.

அதனால் உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். வியாழக்கிழமை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டைரக்டரின் கை இறங்கும்போது, நான் அந்த வசனத்தைப் பேச மாட்டேன். இரண்டு கையையும் விரித்து நீட்டுவேன். அவருக்குப் புரியாது. "என்னம்மா, என்ன ஆச்சு?" என்பார். சொல்வேன், உன்னையும் சேர்த்துச் சொல்வேன். அப்புறம் வேறொரு பெண்ணைக் கூட்டிவந்து அவர் அதைப் பேச வைக்கலாம், என்னைக் கூப்பிடாமலே விட்டுவிடலாம். என் வாயிலிருந்து அது வராது.

வியாழக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது. மாத்திரையை அதுவரை தள்ளிப்போடக் கூடாது. அம்மாவைக் கூப்பிட்டுவிட்டேன், பொய் சொன்னதையும் சொல்லிவிட்டேன். திட்டிக்கொண்டே செம்பில் தண்ணீரோடு பக்கத்தில் வந்து நிற்கிறாள். அட்டையைப் பிரித்துவிட்டேன். பயம் போகவில்லை நைனா, மாத்திரை உள்ளங்கையில் இருக்கும்போதும் அது அப்படியேதான் இருக்கிறது.

"மாத்திர போடறா பாரு" என்கிறது.

சொல்லட்டும். போடத்தான் போகிறேன்.

இனி யார் கை நீட்டினாலும் நின்று பார்க்கப்போகிற
உன் மகள்,
தேவகி